யார் செய்து கொடுத்தது?

செவிலிமேட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஏழாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் ஒரு கோபுரத்தைக் காட்டினாள். பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை அடுக்கிக் கட்டியது. உச்சியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்தது. அங்கே பார்க்க வந்த பெரியவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி: "லைட் கனெக்‌ஷன் யார் செஞ்சு குடுத்தது? அப்பாவா, அண்ணனா?"

கட்டைகளை அடுக்கியது யார் என்று அவர் கேட்கவில்லை. அது அவள் வேலைதான் என்று எடுத்துக்கொண்டார். ஒயரைத் தொட்ட கை மட்டும் வேறு யாருடையதாகவோ இருந்தாக வேண்டும். அந்தக் கேள்வி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. விளையாட்டுச் சாமான் பெட்டிகளிலேயே அது அச்சாகியிருக்கிறது.

இந்தக் கட்டைகளை உலகுக்குப் பழக்கியது டென்மார்க்கின் லெகோ நிறுவனம். 1981இல் அது வெளியிட்ட ஒரு விளம்பரத்தில், ஜீன்ஸ் போட்ட சிறுமி தான் கட்டியதைக் கையில் ஏந்தி நிற்பாள். அவள் கட்டியது இன்னதென்று சொல்ல முடியாது. அவள் கட்டினாள், அது போதும் என்றது அந்தப் படம். 2012இல் அதே நிறுவனம் சிறுமிகளுக்கென்று 'ஃபிரெண்ட்ஸ்' வரிசையைக் கொண்டுவந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவும், காபிக் கடையும் அழகு நிலையமும், மற்ற வரிசைகளில் இருப்பதைவிட ஒல்லியான பொம்மைகளும் அதில் வந்தன. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். மோட்டாரும் உணரிகளும் கொண்ட 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' வரிசை 1998 முதலே இருந்தது. ஒரு பெட்டியில் கப் கேக், இன்னொரு பெட்டியில் ரோபோ. எது யார் வீட்டுக்குப் போகும் என்பதை விலைச்சீட்டும் நிறமும் முன்பே சொல்லிவிடும்.

2021 அக்டோபரில் லெகோ, பாலினப் பாகுபாட்டைத் தன் விளையாட்டுச் சாமான்களிலிருந்து நீக்கப் பாடுபடுவதாக அறிவித்தது. அதற்காக நடத்திய ஆய்வில், கட்டை விளையாட்டை மகனுக்குப் பரிந்துரைப்போம் என்ற பெற்றோர் 76 சதவீதம். மகளுக்கு என்றவர்கள் 24 சதவீதம். ஆய்வு நடந்த ஏழு நாடுகளில் இந்தியா இல்லை.

ரோபோப் பெட்டியைப் பற்றி எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அதன் மோட்டார்களும் உணரிகளும் மூடிய உறைக்குள், தமக்கே உரிய பிளக்குடன் வருகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. மைண்ட்ஸ்டார்ம்ஸ் 2022இல் நிறுத்தப்பட்டதும் அதை வாங்கியவர்கள் மீந்த உதிரிகளை நம்பித்தான் இருக்க வேண்டியதாயிற்று. கட்டைகளோடு சொந்தமாக மின்சுற்று சேர்ப்பது இந்தப் பூட்டை உடைக்கிறது. அதனால்தான் இந்தச் சின்ன வேலையைப் பெண்ணிய விஷயமாகப் பார்க்கிறேன்.

அக்கா மகள் செய்தது இதுதான். கட்டையின் குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். மூன்று குமிழ் அகலத்துக்கு நடுவில் இடம் விட்டால் 24 மில்லிமீட்டர் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூன்று வோல்ட் பட்டன் செல் அதில் உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் ஓட்டையுள்ள கட்டையில் 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. நுழையாது, 3 மில்லிமீட்டர் நுழையும். இதை அவள் இரண்டு எல்.இ.டி. வாங்கிப் பார்த்துக் கண்டுகொண்டாள். வீட்டில் இன்னும் சின்னப் பிள்ளைகள் இருப்பதால், செல்லை யாரும் எடுத்து விழுங்கிவிடாதபடி நாலு பக்கமும் மேலும் கட்டைகளால் அடைத்திருந்தாள்.

ஒயருக்குப் பதிலாக அவள் இழுத்திருந்தது சரிகை. நெசவு வீட்டில் ஒயரைவிடச் சரிகை கைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பட்டு நூலைச் சுற்றிய மெல்லிய வெள்ளித் தகடு, மேலே பொன் முலாம். காஞ்சிபுரத்தின் நல்ல சரிகை அதுதான். உலோகங்களில் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளி. பாலியஸ்டர் சரிகையில் விளக்கு எரியவில்லை. உலோகச் சரிகையில் எரிந்தது. "அப்போ இது அசல்!" என்று குதித்தாள். தார் சுற்றிக்கொண்டிருந்த என் அம்மா, "செம்புச் சரிகையிலயும் எரியுமே" என்றாள். உண்மைதான். விளக்கை வைத்து வெள்ளியையும் செம்பையும் பிரித்தறிய முடியாது. பிறகு இரண்டு இழைகள் ஒன்றையொன்று தொட்டு விளக்கு அணைந்தது. இழையை நகத்தால் பிரித்து விட்டதும் அம்மாதான். ஷார்ட் சர்க்யூட் என்ற சொல் அவளுக்குத் தெரியாது. ஒட்டிய இழையைப் பிரிக்க ஐம்பது வருடமாகத் தெரியும்.

இது கிராமத்துச் சமாளிப்பு என்று தோன்றலாம். 1997இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ரெமி போஸ்டும் மேகி ஆர்த்தும் துணியிலேயே மின்சுற்று அமைப்பது பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட துணி, பட்டுப் பாவில் உலோகம் சுற்றிய பட்டு இழையை ஊடையாகக் கொடுத்து நெய்த ஆர்கன்சா. இத்தகைய துணி அழகுக்காக இந்தியாவில் நெடுங்காலமாக நெய்யப்படுவதை அவர்களே குறிப்பிடுகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் ஆராய்ச்சி. இங்கே அதற்குப் பெயர் புடவை.

பத்தாண்டு கழித்து, 2007இல், லியா பியூக்லி வடிவமைத்த லில்லிபேட் ஆர்டுயினோ விற்பனைக்கு வந்தது. துணியில் மின்நூலால் தைக்கக்கூடிய சிறு கணினிப் பலகை அது. பிறகு அவரும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் ஆராய்ந்தபோது, வழக்கமான ஆர்டுயினோவில் செய்தவர்களில் பெண்கள் மிக அரிது. லில்லிபேடில் செய்தவர்களில் பெண்களே அதிகம். இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு: பெண் என்றால் ஊசி, நூல் என்று மறுபடியும் சொல்வதுதானே இது? இளஞ்சிவப்புப் பெட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நானும் யோசித்தேன். இளஞ்சிவப்புப் பெட்டி, பெண் எதைக் கட்டலாம் என்பதைக் குறுக்கியது. லில்லிபேடோ எது மின்னணுவியல் என்பதை அகலப்படுத்தியது. ஆனால் நூல் மட்டும்தான் பெண்ணுக்கு என்று யாராவது சொன்னால் அதுவும் இளஞ்சிவப்புப் பெட்டியே. அக்கா மகள் சரிகையை எடுத்தது பெண் என்பதால் அல்ல. அது அங்கே கிடந்தது. அடுத்து அவளுக்கு சால்டரிங் இரும்பு வேண்டுமாம்.

பெண் கைக்கும் மின்சுற்றுக்கும் தூரம் என்பதே பொய். எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலையில் கைப்பேசிகளைப் பூட்டியவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2021 டிசம்பரில், விடுதி உணவால் 150க்கும் மேற்பட்டோர் நோயுற்ற பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தவர்கள் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள். லெகோவின் அறிவிப்புக்கு இரண்டு மாதம் பிந்தைய நிகழ்ச்சி இது. அந்த ஆலைகளில் யாரும் "ஒயரைத் தொட்டது அண்ணனா?" என்று கேட்பதில்லை.

1981இல், அந்த ஜீன்ஸ் சிறுமி விளம்பரம் வந்த அதே ஆண்டில், டயான் எல்சனும் ரூத் பியர்சனும் உலகச் சந்தைக்கான ஆலைகளில் பெண்கள் பற்றி எழுதினார்கள். பெண்களின் விரல் நயம் பிறவிக்குணம் அல்ல. வீட்டில் தைத்தும் பின்னியும் பழகியது. வீட்டில் பழகியதால் அது பயிற்சியாகக் கணக்கில் வருவதில்லை, கூலியும் குறைகிறது என்பது அவர்கள் வாதம். இதை என் அம்மாவின் நகத்தோடு சேர்த்துப் படிக்கிறேன். அவள் தார் சுற்றுகிறாள், பாவுக்கு உதவுகிறாள். ஆனால் எங்கள் தெருவில் 'நெசவாளி' என்றால் தறியில் உட்காரும் அப்பாதான்.

ஆக, பெண் மின்னணுப் பொருளைச் செய்யலாம், விளையாடக் கூடாது. வேலையில் செய்யும் தவறுக்குச் சம்பளம் பிடிக்கப்படும். விளையாட்டில் செய்யும் தவறுதான் கண்டுபிடிப்பாகும். விளையாட வேண்டுமென்றால் கொஞ்சம் பொருள் வீணாக வேண்டும். பையன் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டால், 'மூளைக்காரன்' என்று வீடு பெருமைப்படும். பெண் இரண்டு எல்.இ.டி.யை எரித்துவிட்டால் காசின் அருமை தெரியாதவள்.

சரிகைத் துண்டும் காசுதான். எடைக்குப் போட்டால் பணம் வரும். அம்மா அதைச் சேர்த்து வைத்திருந்த டப்பாவைப் பேத்தியிடம் கொடுத்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் வீணாக்கிட்டாளேம்மா" என்றாள் அக்கா.

"ஆக்கட்டும்" என்றாள் அம்மா.

கண்காட்சியில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னாய் என்று அக்கா மகளிடம் கேட்டேன். "நாந்தான்னு சொன்னேன் சித்தி. அவர் சிரிச்சிட்டுப் போயிட்டாரு." பிறகு கோபுரத்தைப் பிரித்துக் கட்டைகளைக் கொட்டினாள். அடுத்து தறி செய்யப்போகிறாளாம், மோட்டார் வைத்து.