இல்லாட்டி

லவ் கேக் செய்முறை ஒன்றின் நகல் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பியில் நீல மையால் எழுதிய ஐந்து பக்கங்கள். எழுதியவர் கொழும்பில் வளர்ந்து, 1983க்குப் பிறகு கனடாவுக்குப் போன தமிழ்ப் பெண். ஸ்காபரோவில் நான் ஓராண்டு இருந்தபோது எதிர்வீடு. அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கும் அப்படியே இருக்கட்டும்.

அந்த ஐந்து பக்கத்தில் ‘இல்லாட்டி’ என்ற சொல் பதினான்கு இடங்களில் வருகிறது. ரவைக்கு எதிரே இப்படி: “இந்தியக் கடை ரவை. இல்லாட்டி இஞ்சத்த மஞ்சள் ரவை, இரவு முழுக்க பட்டரில ஊறவிடு.” பூசணித் தோசிக்கு: “இல்லாட்டி சீனக் கடையில சீனி போட்டு விக்கிற நீத்துப்பூசணி. அதுவும் இல்லாட்டி அன்னாசி ஜாமை வத்தக் காய்ச்சு.” முட்டைக்கு: “மஞ்சள் கரு 20. இல்லாட்டி 12, இவருக்குக் கொலஸ்ட்ரோல்.”

இதைச் சமையல் குறிப்பு என்று ஒதுக்காமல் ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். கனடா டூரம் கோதுமையை உலகுக்கே ஏற்றுமதி செய்கிற நாடு. அங்கே பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் ரவை அந்தக் கெட்டியான மஞ்சள் கோதுமையில் உடைத்தது, நம் ரவைபோல எளிதில் ஊறாது. இதை அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேக் மணல்போல நறநறவென்று வந்த முதல் டிசம்பரில் தெரிந்துகொண்டார். ‘இரவு முழுக்க’ என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒரு முழு கேக் குப்பைக்குப் போயிருக்கிறது. இருபது மஞ்சள் கருவோடு.

கறுவாவின் கதை இன்னும் கசப்பு. இலங்கை மண்ணுக்கே உரிய பட்டை அது, அதற்காகவே போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அந்தத் தீவைப் பிடித்து வைத்திருந்தார்கள். வட அமெரிக்கக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் காசியா என்ற வேறொரு பட்டை. அக்காவின் வரி இது: “சூப்பர்மார்க்கெட் கறுவா வேண்டாம். மெக்சிகோக்காரற்ர கடையில கனேலா எண்டு கேள், அதுதான் எங்கட கறுவா.” தன் ஊர்ப் பொருளை அந்நிய நாட்டில் மூன்றாவது மொழியின் பெயரில் கேட்டு வாங்குகிற பெண். நம் புலம்பெயர் கவிதைகளில் இந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. அம்மாவின் கைமணம் நிறைய வருகிறது. அந்த மணத்துக்கு அம்மா எத்தனை கடை ஏறி இறங்கினாள் என்பது வருவதில்லை. ஏக்கத்தை எழுதும் உரிமை சாப்பிட்டவருக்குப் போயிருக்கிறது, சமைத்தவருக்கு இல்லை.

‘அசல்’ என்ற சொல்லையும் இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். லவ் கேக் போர்த்துக்கீசியர் வழி வந்தது என்பது பரவலான கருத்து. பாதாம் கிடைக்காத தீவில் அந்த இடத்துக்குக் கஜு வந்தது என்பார்கள். கஜு மரமும் தீவின் மரமல்ல, பிரேசிலிலிருந்து அதே போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. அக்கா எழுதுகிறார்: “கஜு விலை கூடின மாசம் அரைவாசி பாதாம்.” ஊர் மாதிரி இல்லை என்று அவர் வீட்டுக்காரர் குறைப்பட்டது அந்த அரைவாசிப் பாதாமைத்தான். எந்த ஊர் என்று கேட்க எனக்கு வாய் வந்தது, விருந்தாளி, கேட்கவில்லை.

அச்சில் வந்த புத்தகங்கள் இந்த ‘இல்லாட்டி’யை என்ன செய்தன? ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி 1878இல் சென்னை வாழ் ஆங்கிலேயருக்காக ஒரு சமையல் நூல் எழுதினார். ஃப்ளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் இந்தியாவுக்கு வரும் ஆங்கிலப் பெண்களுக்கு வீடு நடத்தச் சொல்லிக்கொடுத்தது அதற்குப் பத்தாண்டு கழித்து. அவர்களும் அந்நிய நாட்டில் பழகிய ருசியைத் தேடியவர்கள்தான். ஈஸ்ட் கிடைக்காத இந்தியாவில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கக் கள் பயன்பட்டது. அந்த யோசனை கள்ளும் அப்பமும் அறிந்த கைகளிலிருந்துதானே வந்திருக்க வேண்டும்? ஆனால் வைவர்னின் நூலில் சென்னைச் சமையற்காரர் எல்லாருக்கும் சேர்த்து ‘ராமசாமி’ என்று ஒரே பெயர். மாற்றுப் பொருளைக் கண்டுபிடித்தவர் ராமசாமி, நூலாசிரியர் வேறு. ராமசாமியின் வீட்டில் அந்தி அடுப்பை மூட்டிய பெண்ணுக்கு அந்தப் பொதுப்பெயர்கூடக் கிடையாது.

சார்மைன் சாலமன் வேறு வகை. கொழும்பில் பிறந்து 1959இல் ஆஸ்திரேலியா போனவர். 1976இல் வெளியான அவருடைய ஆசியச் சமையல் பெருநூலில் லவ் கேக்கும் உண்டு. உலர்ந்த தேங்காய்த் துருவலில் பால் எடுப்பதை மன்னிப்புக் கேட்காமல் விளக்குகிறார். புலம்பெயர்ந்த ஒரு பெண் தன் மாற்று அறிவைத் தன் பெயரிலேயே அச்சில் ஏற்றினார் என்பதற்காகவே அதை வகுப்பில் வைக்கலாம். ஆனால் அங்கே மாற்று ஒரு தகவலாகவே நிற்கிறது. கொலஸ்ட்ரோல் இல்லை, விலை கூடின மாசம் இல்லை. அக்காவின் கொப்பி அந்த இடத்தில் ஒரு படி மேல் என்பேன். மாற்றுக்கு அது காரணம் சொல்கிறது, காரணத்தில் ஒரு வாழ்க்கை தெரிகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு என் பங்கை மறைக்க முடியாது. அக்காவின் மகள் அந்தச் செய்முறையைத் தட்டச்சு செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்ப நினைத்தாள். “நீங்கள் தமிழ் படிப்பிக்கிற ஆள்தானே, பிழை திருத்தித் தாங்கோ” என்று நகலைக் கொடுத்தாள். முனைவர் பட்டம் பெற்றவள், பென்சிலை எடுத்தேன். கூறியது கூறல் ஒரு குற்றம் என்று இலக்கணம் படித்த கை. பதினான்கு ‘இல்லாட்டி’யில் பதினொன்றை அடித்தேன். மகளுக்கு மகிழ்ச்சி. “இப்பதான் ஒரிஜினல் மாதிரி இருக்கு” என்றாள். அச்சான தாளில் பூசணித் தோசி மட்டும் இருந்தது. சீனக் கடையும் அன்னாசியும் போயின. கனேலா போனது. ஒற்றைத் தாளில் அடங்கியது.

அக்கா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். “வடிவாத்தான் இருக்கு, பிள்ளை. ஆனா இதைப் பாத்து இஞ்ச ஒருத்தராலயும் கேக் அடிக்க ஏலாது.”

ஊர் திரும்பிய பிறகு மகளுக்கு எழுதினேன், பழையபடியே போடச் சொல்லி. தாள் ஏற்கெனவே எல்லாருக்கும் போய்விட்டது என்று பதில் வந்தது. நகல் என் மேசையில் இருக்கிறது. பென்சில் கோடுகளை அழித்துவிட்டேன், அழுத்தி அடித்திருந்ததால் தடம் மட்டும் போகவில்லை. சென்ற டிசம்பரில் முதல்முறையாக நானே செய்து பார்த்தேன். மதுரையில் பூசணித் தோசி எங்கே கிடைக்கும்? ஆக்ரா பேட்டா வாங்கி, பாகைக் கழுவி, பொடியாக நறுக்கிப் போட்டேன். அதுவும் அதே நீற்றுப்பூசணிதான். பக்கத்தின் ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: இல்லாட்டி பேட்டா.