விண்ணிரும்பின் பட்டைகள்

இரும்பு விண்கல்லை அறுத்து மெருகேற்றினால் முதலில் வெறும் பளபளப்புதான். எரிசாராயத்தில் கலந்த நைட்ரிக் அமிலத்தைத் தடவிய சில நிமிடங்களில் சாம்பல் நிறப் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டியபடி எழுந்து வரும். அவற்றின் ஓரங்களில் மயிரிழை அளவுக்கு வெள்ளிக் கோடுகள் மின்னும். பட்டை காமசைட், கோடு டேனைட்; இரண்டும் இரும்பு-நிக்கல் கலவைகள். முன்னதை அமிலம் கடிக்கும். நிக்கல் மிகுந்த பின்னது அசைந்து கொடுக்காது. உலோகத்தில் இதைவிட அழகான வடிவத்தை நான் பார்த்ததில்லை.

சிறுகோளின் வயிற்றில் கிடந்த காலத்தில் இந்த இரும்பு முழுக்க டேனைட். நிக்கல் சீராகக் கரைந்திருந்த திண்மக் கரைசல். வெப்பம் சுமார் 700 டிகிரிக்குக் கீழே இறங்கியபோது நிக்கல் குறைந்த காமசைட் அதிலிருந்து தகடுகளாகப் பிரிந்தது. தகடு தடிக்கத் தடிக்க, உபரி நிக்கல் பக்கத்து டேனைட்டில் போய்ச் சேர்ந்தது. திடப்பொருளுக்குள் அணு நகர்வது பெரும்பாடு. பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சில டிகிரி முதல் சில ஆயிரம் டிகிரி வரை என்ற நிதானத்தில் குளிர்ந்ததால்தான் பட்டைகள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்தன. பற்றவைத்த எஃகில் இதன் உறவுக்கார வடிவம் நொடிகளில் உருவாகிவிடும். அதைக் காண நுண்ணோக்கி வேண்டும்.

தகடுகள் தாய்ப் படிகத்தின் எண்முகத் தளங்களை ஒட்டியே வளரும். இரு படிகங்களின் அணு வரிசைகளும் ஏறக்குறையப் பொருந்துவது அங்கேதான். எண்முகத்தின் எதிரெதிர் முகங்கள் இணையானவை; ஆகவே திசைகள் நான்கு. அறுப்பவரின் ரசனை தெரிவது இந்த இடத்தில். கனசதுர முகத்துக்கு இணையாக அறுத்தால் இரண்டே திசைகள், செங்கோணத்தில், பாய்ப் பின்னலாகத் தெரியும். எண்முகத்தின் ஒரு முகத்துக்கு இணையாக அறுத்தால் 60 டிகிரி முக்கோணங்கள். நான்காவது திசைத் தகடுகள் மட்டும் படுத்தவாக்கில் ஒழுங்கற்ற திட்டுகளாகக் கிடக்கும். ஒழுங்குக்கு நடுவே வரும் அந்தத் திட்டுகளுக்காகவே எனக்கு முக்கோண வெட்டுதான் பிடிக்கும்.

நிக்கலின் அளவும் பேசும்: அது கூடக் கூடப் பட்டைகள் மெலியும். நமீபியாவின் கிபியான் இரும்பில் சுமார் 8 சதவீதம். பட்டைகள் மெலிந்து, நெருக்கமாக ஓடும். அதே நாட்டின் ஹோபா விண்கல்லில் சுமார் 16 சதவீதம். வெறுங்கண்ணுக்கு எந்த வடிவமும் தெரியாது.

வியன்னாவில் விட்மன்ஷ்டெட்டன் என்பவர் 1808இல் விண்கல் துண்டைத் தீயில் காட்டி இவ்வடிவத்தைக் கண்டார். பெயர் அவருக்குப் போயிற்று. நேப்பிள்ஸில் வில்லியம் தாம்சன் அமிலத்தால் கண்டு 1804லேயே எழுதிவிட்டார். பெருமையில் பாதியாவது அவருக்குச் சேர வேண்டும். ஆனாலும் வியன்னாக்காரர்கள் செய்த ஒன்றுக்கு ஈடில்லை: அமிலம் பட்ட விண்கல் முகத்திலேயே மை தடவி, காகிதத்தில் அழுத்தி, 1820இல் நூலாக அச்சிட்டார்கள்.

விண்ணிரும்பு மோதிரமோ கடிகார முகப்போ வாங்குபவர்கள் துண்டைச் சாய்த்துப் பாருங்கள். உண்மையானதில் ஒரு திசைப் பட்டைகள் ஒளிர, மற்றவை மங்கும். பட்டைகள் விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலும் தொடரும். உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சும் வேலைக்கு மட்டும் அதைக் கொடுக்காதீர்கள். காமசைட் மறுபடியும் கரைந்து வடிவம் அழிந்துவிடும். அதைத் திரும்ப வளர்க்க எந்தப் பட்டறையாலும் ஆகாது.