தட்டுவதா, வெட்டுவதா, சீவுவதா?

ஆங்கிலத்தில் 'டேப்' என்னும் வினை எளியது; பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. ஆயினும், அதைத் தமிழாக்கப் புகுவோர் அடிக்கடி இடறுகின்றனர். அகராதியைப் புரட்டியதும் 'தட்டு' என்பது கண்ணிற் படுகிறது. உடனே 'ரப்பர் தட்டுதல்' என்றும், 'வளங்களைத் தட்டுதல்' என்றும் எழுதிவிடுகின்றனர். கதவைத் தட்டலாம், தோளைத் தட்டலாம், கைப்பேசித் திரையையும் தட்டலாம். பால்மரத்தைத் தட்டினால் பால் வருமா?

இவை ஆங்கிலத்தில் ஒரு சொல்லே அல்ல. ஒலியால் ஒன்றுபட்ட இரு சொற்கள். மெல்லத் தட்டுதலைக் குறிப்பது பிரெஞ்சு வழி வந்தது. மற்றது பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயின் அடைப்பானைக் குறித்த பெயரிலிருந்து கிளைத்தது. அடைப்பைத் திறந்து உள்ளிருப்பதை ஒழுகவிடுதலே அதன் பொருள். தண்ணீர்க் குழாயின் திருகும், ரப்பர் மரத்தில் பாலெடுத்தலும், தொலைபேசியை ஒட்டுக்கேட்டலும் இக்கிளையின. ஒரு சொல் பல பொருள் தருவதை உரியியலில் கற்றவர்களே இங்கே ஏமாறுவது வியப்பு.

செமிலிங், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத் தோட்டத் தமிழர் எந்த அகராதியையும் கேட்டிலர். 'பால் வெட்டு' என்றனர். 'மரம் சீவுதல்' என்றும் வழங்கினர். 'மரம் வெட்டப் போயிருக்கிறார்' என்றால் தமிழகத்தார் கோடரியை நினைப்பர். தோட்டத்தார் உளியையும் மங்கையும் நினைப்பர்.

இவ்விரண்டனுள் தொழிலுக்கு நெருங்கியது எது? பிரேசிற் காடுகளில் மரத்தைச் சிறு கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர். அது வெட்டுதான். 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை நடத்திய ரிட்லி கண்ட முறையோ வேறு. முன்னைய கீற்றின் விளிம்பிலேயே பட்டையை மெல்லியதாகச் செதுக்கி, அதே வாயை மீண்டும் திறப்பது அது. பால்குழல்கள் சற்றே சாய்ந்தோடுவதால், கீற்று இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்கிறது. கத்தி மேலோடினால் பால் குறையும். ஆழ்ந்து வளர்படையைத் தொட்டால் மரம் புண்படும், புதுப்பட்டை கரடாகும். இத்தனை நுட்பமும் 'சீவுதல்' என்பதில் அடங்கிவிடுகிறது. தமிழகத்துப் பனையேறி பாளையை நாள்தோறும் சீவுவதும் இதே முறைதான். பழைய வாய் அடைபடாமல் புதுப்பிக்கிறான். 'கள் இறக்குதல்' பயனைச் சொல்லும். 'பாளை சீவுதல்' செயலைச் சொல்லும். மலாயில் வழங்கும் 'தோரே' என்பதும் கீறுதலே.

எனினும், 'பால் வெட்டு' பிழை என்று தள்ளுவது பண்டிதச் செருக்காகும். தலைமுறைகள் அச்சொல்லால் பிழைத்தன. அகிலனின் நாவற்பெயரிலுள்ள 'பால்மரம்' போல அதுவும் இம்மண்ணின் வழக்கு. தொழிலின் பெயராக 'பால் வெட்டு' நிற்கட்டும். செய்முறையை விளக்குமிடத்துச் 'சீவுதல்' வரட்டும். வளங்களுக்குப் 'பயன்கொள்ளுதல்' போதும். அங்கே உளிக்கு வேலையில்லை.

கெடாவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன. மங்கைக் கண்டிராத பிள்ளை 'ரப்பர் தட்டுபவர்' என்று பாடத்தில் படித்தால், தன் பாட்டி விடியுமுன் எழுந்து சென்று மரத்தைக் கையால் தட்டிக்கொண்டிருந்ததாகவே எண்ணும். பாடநூல் எழுதுவோர் இவ்வினையை இரு தலைச்சொற்களாகப் பிரித்துக் காட்டி, இரண்டாவதன் கீழ்த் தோட்டச் சொற்கள் இரண்டையும் சேர்த்தல் வேண்டும்.