ஏட்டிலே காதல், வீட்டிலே காவல்!

அகம் கண்ட இனம் தமிழினம் என்று மார்தட்டுகிறோம். தட்டுவதற்குக் காரணமும் உண்டு. சங்கப் பாடல்கள் 2381 எனக் கணக்கிடுவர். அவற்றுள் 1862 அகப்பாடல்கள். ஆண்டவனைப் பாடியதைவிட, அன்புகொண்ட ஆணையும் பெண்ணையும் மிகுதியாகப் பாடிய தொகுதி அது. பெற்றோர் அறியாக் களவிலே தொடங்கி, தடை வந்தவிடத்து உடன்போக்கிலே முடியும் ஒழுக்கத்தைக் குற்றமென்று கூறாது, திணை வகுத்து, துறை பிரித்து, இலக்கணமே செய்து வைத்தனர் முன்னோர்.

அந்த உடன்போக்கை இன்று ஒரு பெண் மேற்கொண்டால்? அகப்பாட்டைப் பாடமாக வைத்து, பரீட்சையிலே பொருள் எழுதச் சொன்ன அதே ஊர், அரிவாளைத் தேடுகிறதே! ஏட்டிலே காதலுக்கு இலக்கணம். வீட்டிலே காதலுக்குக் காவல். இந்த முரண் எங்கிருந்து முளைத்தது? ஏட்டையே சற்று உற்று நோக்குவோம்.

தொல்காப்பியம் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்துப் பொருத்தங்கள் வேண்டும் என்கிறது. உருவு, அன்பு, அருள், அறிவு எல்லாம் அப்பட்டியலில் இருக்கின்றன. ஆனால் முதலிடம் பெறுபவை எவை? பிறப்பும் குடிமையும்! ஆக, உள்ளம் கலப்பதற்கு முன்பே குலம் விசாரிக்கப்பட்டுவிட்டது. அத்தோடு நின்றதா? அடியவரும் வினைவலரும், அதாவது ஏவல் செய்வோரும் தொழில் செய்வோரும், அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்களாகார்; அவர்களைப் பாடுவதாயின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்துப் பாடலாம் என்பதும் அதே நூலின் விதி. நாற்று நடுபவளுக்கும் நெசவு நெய்பவனுக்கும் காதலின் நடுவீட்டில் இடமில்லை; திண்ணையிலே வேண்டுமானால் அமரலாம்!

ஏன் இப்படி என்பதற்கு உரையாசிரியர் இளம்பூரணர் ஒரு காரணம் கூறுகிறார். பிறர்க்குக் குற்றேவல் செய்பவர், அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் ஒழுகுதல் அரிது என்பது அதன் கருத்து. இதை நாம் வெறுத்து ஒதுக்கத் தேவையில்லை. அறியாமலே ஓர் உண்மையை அவர் சொல்லிவிட்டார். தன் உடலும் தன் பொழுதும் தனக்குச் சொந்தமில்லாதவர்க்குத் தன் உள்ளம் மட்டும் எப்படிச் சொந்தமாகும்? காதலுக்கு முதற் பொருத்தம் பிறப்பன்று, விடுதலையே என்பதன்றோ இதன் பொருள்! அப்படியாயின் அறிவுடையோர் செய்ய வேண்டியது, அடிமையைக் காதலிலிருந்து விலக்குவதா? அடிமைத்தனத்திலிருந்து அவனை விடுவிப்பதா?

இந்தக் கேள்வியைத்தான் சென்ற நூற்றாண்டில் நம் இயக்கம் கேட்டது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலிலே ‘காதல்’ என்றே ஒரு கட்டுரை எழுதினார் பெரியார். காதலைப் பெரியார் பழித்தார் என்று பண்டிதர்கள் பதறினர். அவர் பழித்தது காதலை அன்று; காதலின் பெயரால் பூசப்பட்ட தெய்வீகச் சாயத்தை. ஆசையும் அன்பும் நட்பும் மனிதர்க்கு இயல்பு. அவை தோன்றும், வளரும், சில வேளை மாறவும் செய்யும். அதைத் தெய்வீகமாக்கிவிட்டால், பொருந்தாத வாழ்விலும் பெண் ‘புனிதம்’ காக்கக் கிடந்து மடியவேண்டும். பூட்டு பொன்னால் ஆனதென்பதற்காகச் சிறை மாளிகையாகிவிடுமா?

கவிதையிலே அதே பணியைப் பாவேந்தர் செய்தார். ‘புரட்சிக்கவி’யிலே உதாரனையும் அமுதவல்லியையும் பிரித்துவைக்க இரண்டு பொய்கள் புனையப்படுகின்றன: அவன் குருடன், அவள் குட்டநோயாளி. இடையிலே திரை. திரை விலகும்போது பொய்யும் விலகுகிறது. இன்று சாதி செய்வதும் இதே வேலைதானே! பார்க்கும் முன்பே ஒருவரைப் பற்றி மற்றவர்க்குப் பொய் சொல்லி வைப்பதே அதன் தொழில். பாவேந்தரின் சிறப்பு இன்னொன்று: காதலரை வானத்துத் தெய்வம் வந்து காக்கவில்லை, திரண்ட மக்கள் காக்கிறார்கள்.

அறிஞர் அண்ணாவின் ‘வேலைக்காரி’ 1949-இல் திரைப்படமாகவும் வந்தது. இலக்கணம் திண்ணையில் நிறுத்திய வினைவலர் மகள் அமிர்தம், அங்கே கதைத் தலைவி. அவளை வெறுத்த செல்வர், அவளே செல்வர் வீட்டு மகளாக வந்து நின்றபோது மருமகளாக ஏற்கிறார். மேட்டுக்குடியின் மேனாமினுக்கிக்கு இதைவிடச் சவுக்கடி வேண்டுமோ? எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்காரி வேலைக்காரியாகவே வந்து வென்ற கதைகள் பின்னாளில் பெருகியிருக்க வேண்டும். பெருகவில்லை. பிற்காலத் திரைப்படக் காதல் பெரும்பாலும் ஒரு வீரனின் கைமுட்டியிலே தொங்கியது. மாலை மாற்றியதும் திரை விழுந்தது. மறுநாள் காலை அந்த இணைக்கு வாடகை வீடு யார் தருவார் என்று எத்தனை கதைகள் கேட்டன?

ஊத்துக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். அதை அடுத்து, ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி. நஞ்சுண்டு களைத்த சிவன், பார்வதியின் மடியிலே தலைவைத்துப் படுத்திருக்கிறான் அங்கே. கணவன் களைப்பை மனைவியின் மடி ஆற்றும் காட்சியைக் கல்லிலே கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வோர், உயிருள்ள இருவர் அருகருகே அமர்ந்தால் ‘என்ன சாதி?’ என்கின்றனர். கல்லுக்கு உள்ள சலுகை மனிதருக்கில்லையா?

அவ்வூர் எல்லையின் ஊர். 1960-இல் சட்டம் கோட்டை மாற்றியது: திருத்தணி தமிழகம் வந்தது, சத்தியவேடு ஆந்திரம் சென்றது. கிருஷ்ணா நீர் அந்த எல்லையைத் தாண்டித்தான் 1996 முதல் பூண்டிக்கு வருகிறது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் பேரம் பேசுகின்றன. அரசுகள் கிழித்த கோட்டை நீரும் மொழியும் தாண்டுகின்றன. சேரிக்கும் ஊருக்கும் நடுவே மனு கிழித்த கோட்டைத் தாண்டும் கால்களைத்தான் வெட்டுகிறார்கள்! பக்கத்தே கும்மிடிப்பூண்டி சிப்காட். ஒரே எந்திரத்தின் இருபுறமும் நின்று ஊதியம் பெறும் ஆணும் பெண்ணுமே இன்றைய வினைவலர். குற்றேவல் போய்க் கூலி வந்தது. ஆனால் சம்பளச் சீட்டிலே கையெழுத்திடும் விரலுக்குத் துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்ததா? 2011–12 இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் சாதி மறுத்த மணங்கள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தே!

சட்டம் இல்லாமலில்லை. 1967-இல் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்தது. புரோகிதரும் வேண்டாம், புரியாத மந்திரமும் வேண்டாம். உற்றார் நண்பர் முன் அறிவித்து மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் அனுமதியோ சாதியின் அனுமதியோ வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் கூறிற்று. அப்படியும் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையிலே பட்டப்பகலில் ஓர் இளைஞன் வெட்டப்பட்டான். 2025 சூலையில் திருநெல்வேலியிலே இன்னொருவன். ஓய்வுபெற்ற நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைத்துத் தனிச்சட்டத்துக்குப் பரிந்துரை பெறப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் கொலைக்குப் பின்னே வரும் சட்டம் கொலைகாரனைப் பிடிக்கும். கொலைக்கு முன்னே மனத்தை மாற்ற வேண்டியது யார்?

எழுதுகிறவர்களும், எழுதியதைப் படித்து வாழ்கிறவர்களும்தான். நிலவும் மலரும் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அழகு யாருக்கும் பகையன்று. அவற்றோடு வாடகை வீட்டையும், பதிவு அலுவலகத்தையும், சாட்சிக் கையெழுத்திட வந்த நண்பனையும் பாடுங்கள் என்கிறோம். இளந்தோழர்களே, காதலைப் போற்றும் கவிதையைக் கைதட்டிக் கேட்டுவிட்டு, தங்கையின் காதல் கேட்டதும் கண் சிவக்கும் அண்ணன் உங்களில் ஒருவனும் இருத்தலாகாது. உங்கள் ஊரில் துணிந்து இணையும் இருவருக்குச் சாட்சியாக நில்லுங்கள். தங்க இடம் கொடுங்கள். மிரட்டல் வந்தால் காவல் நிலையம்வரை கூடச் செல்லுங்கள். உதாரனைக் காத்த அந்த மக்கள் கூட்டம் காவியத்திலே மட்டும் இருந்தால் போதாது. ஊத்துக்கோட்டையிலும் இருக்க வேண்டும்.