அடைமொழியும் ஆசனமும்

சொல்லுக்குப் பொருள் காண்டல் உரையாசிரியர்க்கே உரிய தொழிலன்று, நீதிபதிகட்கும் உரியதாம். அடைமொழியொன்று எச்சொல்லைத் தழுவுகின்றது என்னும் இலக்கண வினா, ஒரு தளபாட வழக்கின் நடுப்பொருளாய் நின்றமையை ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தில் ஹென்ஷர் நிறுவனத்தார் மெத்தையிருக்கைத் தொகுதியொன்றிற்கு மாதிரி சமைத்தனர். றெஸ்ராவைல் நிறுவனத்தார் அதனையொத்த இருக்கைகளைச் செய்து விற்றனர். வரைபடங்களின் துணையின்மையால், 1956ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலுள்ள ‘கலைசார் கைவினைப் படைப்பு’ என்னும் தொடரையே வாதிகள் பற்றிநின்றனர். முதல் நீதிமன்றம் அவர்கட்குச் சார்பாயிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. 1974இல் பிரபுக்கள் சபையும் மறுத்தது.

முடிவில் ஐவரும் ஒன்றுபட்டனர், பொருளில் ஒன்றுபட்டிலர். பொதுமக்களுள் கணிசமானோர் தோற்றத்திற்காக ஒன்றனை உண்மையாக விரும்பின் அது கலையாம் என்றார் றீட் பிரபு. கலைப்பொருள் படைக்கும் கருத்து, செய்தவன் உள்ளத்தில் இருத்தல் வேண்டும் என்றார் கில்பிராண்டன் பிரபு. சைமன் பிரபுவோ, ‘கலைசார்’ என்பது படைப்பைத் தழுவாது, கைவினையையே தழுவும் என்றார். இவற்றுள் இறுதி உரையே ஏற்புடைத்து. படைப்பின் அழகு காண்பார்தோறும் வேறுபடும். கைவினையின் தன்மைக்கோ அவ்வினைவல்லார் சான்று பகரலாம்.

அதே சபை 1980இல் கற்னிக் வழக்கில் இந்நெறியை ஒருவாறு கைக்கொண்டது. ஆக்கவுரிமைக் கோரிக்கையொன்றில், வாயில்மேலிடும் உருக்கு விட்டத்தின் பின்பகுதி ‘செங்குத்தாக’ நிற்கும் என எழுதப்பட்டிருந்தது. எதிரிகளின் விட்டமோ 6 அல்லது 8 பாகை சாய்ந்திருந்தது. கட்டடத் தொழிலறிந்தார் அச்சொல்லை எவ்வாறு கொள்வரோ அவ்வாறே கொண்டு, சாய்ந்ததும் அதனுள் அடங்கும் எனச் சபை தீர்த்தது. ஆண்டுத் தொழிலாளி கொண்ட பொருள் வென்றது. ஆசன வழக்கிலோ ‘கலை’ என்னும் சொல் ஐவர் கையில் பலவாறாய்ச் சிதறிற்று.

கல்முனைத் தச்சர்க்கும் மருதமுனைக் கைத்தறியாளர்க்கும் இஃது அயலார் வழக்கன்று. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ‘பிரயோகக் கலை’ என்னும் தொடரை ஆள்கின்றது; கையாற் செய்ததாயினும் ஆலையிற் செய்ததாயினும் காக்கின்றது. இதனாற் ‘கைவினை’ பற்றிய இடர் நீங்கிற்று. ‘கலை’ பற்றிய இடர் நீங்கிற்றில்லை. வேறொருவர் ஒரு கட்டிலின் சித்திர வேலையை அப்படியே செய்து விற்கின், அவ்வேலை கலையோ என்பதை யார் சொல்வது? உளி பிடித்தவனைக் கேளாது அச்சொல்லுக்குப் பொருளுரைப்பின், சட்டம் அவனுக்கு ஒரு கையால் தந்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும்.