பலகுரற் கலை: நகையும் இழவும்

கலைவரலாறு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனானவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. திரையில் தோன்றிய உருவம் நினைவில் நிற்க, அதன் பின்னின்று பேசியவர் மறக்கப்படுகின்றார். பிறர் குரலைத் தம் குரலிற் கொண்டுவரும் பலகுரற் கலையில் இம் மறதி இருவகைப்படும். பேசிய கலைஞர் பெயர் மறைவது ஒன்று. அவர் பின்பற்றிய குரலுக்கு உரியவர் மறைவது மற்றொன்று.

அமெரிக்காவின் தொடக்ககாலக் கார்ட்டூன் படங்கள் இரண்டிற்கும் சான்றாவன. 1941 இல் வெளிவந்த ‘ஹாலிவூட் ஸ்டெப்ஸ் அவுட்’ என்னும் குறும்படத்தில் அக்கால நடிகர் பலரின் குரல்களைப் பேசியவர் கென்ட் ரோஜர்ஸ் என்னும் இளைஞர். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவருக்கு இடமில்லை. 1944 இல், உலகப்போர்க்கால விமானப் பயிற்சியின்போது அவர் மாண்டார். 1930 இல் தோன்றிய ‘பெட்டி பூப்’ என்னும் கார்ட்டூன் நங்கையோ ஹெலன் கேன் என்னும் பாடகியின் பாணியிற் பாடினாள். அப்பாடகி 1932 இல் இரண்டரை இலட்சம் டொலர் நட்டஈடு கோரி வழக்கிட்டார். அவருக்கு முன்னரே பேபி எஸ்தர் என்னும் கறுப்பினச் சிறுமி அப்பாணியில் மேடையிற் பாடியதாக எதிர்த்தரப்பினர் சாட்சியம் அளித்தனர். 1934 இல் வழக்குத் தோற்றது. எனினும் வென்றவர் எஸ்தர் அல்லர், படநிறுவனத்தாரே.

பிறர் பேச்சைப் பேசிக்காட்டுதல் நகை விளைப்பதைத் தமிழ் மரபும் அறியும். நகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார். அச்சூத்திர உரையில் இளம்பூரணர் காட்டும் செயிற்றியனார் கூற்று, முடவர் நடையோடு ஆரியர் பேசும் தமிழையும் நகைக்கு இடமாக எண்ணுகின்றது. வேற்றார் நாவில் மொழி திரிவதும் உடற்குறையும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை சிந்திக்கத்தக்கது.

இலங்கை வானொலியின் நகைச்சுவை நாடகத்தையும் அதன் வழிவந்த ‘கோமாளிகள்’ (1976) திரைப்படத்தையும் இவ்வொளியிற் காணலாம். எஸ். ராம்தாஸ் முஸ்லிம் மக்களின் தமிழையும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழையும், செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழையும் பேசினர். அங்கே ஒருவர் மொழி மட்டும் நகைக்கிடமாகவில்லை. யாவர் மொழியும் எதிரெதிர் நின்றன. எனவே எள்ளல் ஒருசாரார் தலையில் இறங்கவில்லை. மேலும், மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் எனப் பாத்திரப் பெயர் கலைஞரின் பெயரோடு ஒன்றாகியது. அமெரிக்கக் கலைஞர் பலருக்கு வாய்க்காத பேறு இது.

ஆயின் இச்சமநிலை எங்கும் அமைவதில்லை. தோட்டத் தொழிலாளரின் பேச்சு மேடையில் தனித்து எள்ளப்படும்போது, ‘தோட்டக்காட்டான்’ என்னும் வசைச்சொல் அதன் பின்னே ஒலிக்கின்றது. உடப்புசல்லாவைத் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவன் விடுதியில் வாய்திறக்கத் தயங்குவானாயின், அந்நகைப்பின் விலையைச் செலுத்துபவன் அவனே.

அம்மலையகமே பிறர் குரலைப் பூணுதற்கு மற்றொரு வழியையும் காட்டுகின்றது. மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்தில் ஆண்மகன் ஒருவன் ரதியாகின்றான். எரிந்த மன்மதனுக்காக அவன் புலம்பும்போது பெண்குரல் போன்றதென்று எவரும் நகைப்பதில்லை, கூடியிருப்போர் கண்கலங்குகின்றனர். அழுகையின் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் கூறும் இழவு அங்கே குரலாகின்றது. எள்ளுவோன் பிறர் குரலுக்குப் புறத்தே நிற்கின்றான். ரதியாவோன் அதன் அகத்தே நிற்கின்றான். பலகுரற் கலையை மதிப்பிடுதற்கு இவ்வேறுபாடே அளவுகோலாதல் வேண்டும்.

உடப்புசல்லாவை என்னும் பெயர் தனியொரு பிரதேசத் தேயிலையின் பெயராக உலகச் சந்தையில் வழங்குகின்றது. கொழுந்து கொய்தவர் பெயர் தேயிலைப் பெட்டியில் இல்லை. ரதியாகிப் புலம்பியவர் பெயரும் அவ்வாறே ஏட்டில் இல்லாமற் போகலாகாது. கூத்துப் பாடல்களைத் தொகுக்கச் செல்லும் மாணவர் பாடலை எழுதுமுன் பாடியவர் பெயரை எழுதுவாராக.