சாமி வந்து சொன்னால் கேட்பார்கள்

வல்லம் என்றால் பலருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து வல்லம்தான் நினைவுக்கு வரும். பெரியார், மணியம்மை இருவர் பெயரையும் தாங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நான் எழுதுவது இன்னொரு வல்லத்தைப் பற்றி. விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மல்லாட்டைக் கொல்லைகளின் பகுதி இது. இங்கே பெண்கள் அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூருக்குப் போகிறார்கள்.

கடவுளை விட்டவன் தன் வாழ்க்கையைத் தானே ஆள்கிறான் என்ற கருத்தைப் பகுத்தறிவு மேடைகளில் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன். தலையெழுத்து இல்லை, முன்ஜென்ம வினை இல்லை, ஆகவே இனி எல்லாம் உன் கையில் என்பார்கள். இது பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் முடிவில் 'ஆள்கிறான்' என்று நிற்கிறது. அதை 'ஆள்கிறாள்' என்று மாற்றினால் வாக்கியம் நிற்குமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. தன் வாழ்க்கை தன் கட்டுப்பாட்டில் இருப்பது விடுதலை என்கிறோம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கட்டுப்பாடு என்ற சொல் வேறு வழியில் அறிமுகம்: ஊர்க் கட்டுப்பாடு, சாதிக் கட்டுப்பாடு, வீட்டுக் கட்டுப்பாடு. கடவுள் போய்விட்டால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் யார் கைக்குப் போகும்?

முதலில் நம்பிக்கை இந்தப் பெண்களுக்கு என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவம். சிறப்புப் பேருந்துகள் விடுகிறார்கள். மற்ற நாளில் பொழுது சாய்ந்து அரை மணி தாமதமாக வீட்டுக்கு வந்தால் விசாரணை நடக்கும். அமாவாசையன்று அதே பெண் விடியும்வரை வெளியில் இருக்கலாம். பக்கத்து ஊர்ப் பெண்களோடு மணலில் உட்கார்ந்து பேசலாம், படுத்துத் தூங்கலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அம்மன் தரும் அனுமதிச் சீட்டு அது.

அதைவிடப் பெரியது சாமி வருவது. பகலெல்லாம் அவள் பேச்சு காதில் விழாத வீட்டில், அவளுக்குச் சாமி வந்ததும் மாமனார் எழுந்து நிற்பார். "என்ன கொற தாயே, சொல்லு" என்று கைகட்டிக் கேட்பார். குடித்துவிட்டு வந்து கைநீட்டாதே என்று அவள் தன் வாயால் பத்து வருடம் சொன்னது எடுபடவில்லை. சாமி வந்து சொன்னால் கேட்பார்கள். இதைப் பார்த்துவிட்டு மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறவர், அந்தப் பெண்ணுக்கு ஊரில் இருக்கும் ஒரே மேடையையும் பிடுங்குகிறார். பதிலுக்கு அவர் எந்த மேடையைத் தருகிறார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் அந்த மேடையில் அவளுக்கு எவ்வளவு இடம்? இதற்கு ஆழமாகப் பதில் தேடிய நூல் ஒன்று எங்கள் பகுதியிலிருந்தே பிறந்தது. மானிடவியலாளர் இசபெல் நபகோவ் 1990களின் தொடக்கத்தில் அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தின் செஞ்சிப் பக்கத்தில் தங்கி, குறி சொல்வது, செய்வினை எடுப்பது, பேய் ஓட்டுவது ஆகியவற்றை ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட அவருடைய 'ரிலிஜன் அகெயின்ஸ்ட் தி செல்ஃப்' தமிழ்நாட்டுப் பெண்ணியம் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். தலைப்பே அதன் வாதம்: மதம் மனிதரின் தன்னிலைக்கு எதிராக வேலை செய்கிறது.

அவர் காட்டும் பேய் பிடித்த பெண்களில் பலர் புதிதாக மணமானவர்கள். கணவனிடம் ஒட்டாமல் விலகுகிறார்கள், தாய்வீட்டுக்கு ஓடிவருகிறார்கள். பிடித்த பேய் பெரும்பாலும் அகாலத்தில் செத்த இளைஞன், காதல் நிறைவேறாமல் உயிரை விட்டவன். பம்பைக்காரர்கள் அடித்துப் பாடி அந்தப் பேயைப் பேசவைக்கிறார்கள். உன் பேரென்ன, இவளை எங்கே பிடித்தாய், எந்த மயிரில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். கடைசியில் அவள் கல்லைச் சுமந்துகொண்டு புளியமரத்துக்கு ஓட வேண்டும். அவள் தலைமயிரில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணி அடிப்பார்கள். பேய் மரத்தில் நின்றுவிடும், பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள்.

பேய் பிடிப்பது ஒடுக்கப்பட்ட பெண்ணின் எதிர்ப்புக் குரல், அவளுக்குக் கிடைத்த வடிகால் என்று ஆய்வாளர்கள் சொல்லிவந்ததுண்டு. நபகோவ் அதை ஏற்பதில்லை. அவளுடைய மறுப்பைச் சடங்கு ஒரு செத்த ஆணின் காமமாக மாற்றி எழுதுகிறது என்கிறார். 'எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம்' என்று சொன்னவள் அவள் அல்ல, அவன் என்றாகிறது. ஆகவே அவனை விரட்டும்போது அவள் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லும் சேர்ந்து போகிறது. மரத்தில் அறைந்தது அவள் மறுப்பைத்தான்.

சாமிக்கும் பேய்க்கும் ஊர் வேறுவேறு மரியாதை தருகிறது. ஆனால் பெண்ணின் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு விஷயம் பொது. இரண்டிலும் பேச்சு அவள் பெயரில் பதிவாவதில்லை. சாமி சொன்னதை ஒரு வாரம் கேட்பார்கள். மலையேறியபின் அதை அவளிடம் உறுதிப்படுத்த முடியாது, அவளும் "நானா சொன்னேன்?" என்றுதான் கேட்க வேண்டும். இரவல் குரலில் வாங்கிய உரிமையும் இரவல்தான்.

அப்படியானால் நம்பிக்கையை விட்டுவிட்டால் போதுமா? இந்த இடத்தில் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைத் திறக்கிறேன். கடவுள் மறுப்பில் பெரியாரை மிஞ்சியவர் தமிழில் இல்லை. ஆனால் அந்தச் சிறு நூலின் பத்து அத்தியாயத் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். கற்பு, வள்ளுவரும் கற்பும், காதல், கல்யாண விடுதலை, மறுமணம், விபசாரம், விதவைகள் நிலைமை, சொத்துரிமை, கர்ப்பத்தடை, கடைசியாக ஆண்மை அழிய வேண்டும் என்ற அத்தியாயம். கடவுள் என்ற தலைப்பு ஒன்றுகூட இல்லை. மதத்தை உள்ளே அவர் வெளுத்து வாங்குகிறார் என்பது உண்மை. ஆனாலும் பெண்ணின் அடிமைத்தனத்துக்குக் காரணம் தேடும்போது அவர் கை வைப்பது சொத்தின் மீதும் கருப்பையின் மீதும் ஆண்மை என்ற எண்ணத்தின் மீதும்தான். கடவுள் போனபிறகும் ஆண்மை மிஞ்சும், அது மிஞ்சினால் பெண்ணுக்கு ஒன்றும் மாறாது என்று அந்தக் கடைசி அத்தியாயம் நமக்குச் சொல்வதாக நான் வாசிக்கிறேன்.

அந்த நூலின் வாரிசுகள் அதை அப்படி வாசிக்கவில்லை. பிள்ளையார் சிலை மேடைக்கு வந்தது, சொத்துப் பத்திரம் பெட்டிக்குள் இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் மகளைப் பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்காளியாக்கும் திருத்தம் வந்தது 1989இல். அறுபது வருடம். அதிலும் திருத்தம் வருமுன் மணமாகிவிட்ட மகள்களுக்குப் பங்கில்லை என்று விலக்கு வைத்தார்கள். இன்றும் எங்கள் பக்கத்தில் 'சீர் செஞ்சாச்சே' என்ற ஒரு சொல்லில் மகளின் பங்கு முடிந்துபோகிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அண்ணன்கள் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த அண்ணன்களில் கோயிலுக்குப் போகிறவரும் உண்டு, போகாதவரும் உண்டு.

திருமணத்திலும் இதே பாடம்தான். புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் 1928 முதல் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. மணமக்களின் ஒப்பந்தமே திருமணம் என்பது பெண்ணைத் தானம் கொடுக்கும் பொருளாக்கிய சடங்குக்கு நேர் எதிரான எண்ணம். ஆனால் 1953இல் அப்படிப்பட்ட ஒரு திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கை இருவருடையது, விலை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். சடங்கை மறுத்த ஆண் வீரன் என்ற பெயரோடு நின்றான், பெண் சட்டத்தின் கண்ணில் மனைவியே அல்லாதவளாக நின்றாள். 1967இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தம்தான், பழைய திருமணங்களையும் சேர்த்து, அவளுக்குக் காலூன்ற இடம் தந்தது. அந்த 7ஏ பிரிவின்படி மணம் செய்ய ஊரைக் கூட்டி அறிவிக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. சாதி மீறிக் காதலித்து வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் ஜோடிக்கு அந்தத் தீர்ப்பு உயிர் காக்கும் செய்தி. நாத்திகம் ஒரு கதவைக் காட்டியது, சட்டம் அதற்குத் தாழ்ப்பாள் போட்டுத் தந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குப் பின்னால் பெண் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கதவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் இதே விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்களை விட மறுத்த தகராறில் அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். இல்லாத சாமிக்கு ஏன் இத்தனை சண்டை என்று ஒரு நாத்திகர் கேட்கலாம். அந்தக் கேள்வியை ஒரு தலித் பெண்ணிடம் கேட்பது நியாயமில்லை. உள்ளே போக உரிமை உள்ளவர் போகாமல் இருந்தால் அது மறுப்பு. வாசலில் நிறுத்தப்பட்டவள் போகாமல் இருப்பதற்குப் பெயர் விலக்கு. கடவுளை மறுப்பதும் ஓர் உரிமைதான், எல்லா உரிமைகளையும் போல அதுவும் சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும் கிடைக்கிறது.

வீட்டுக்குள் வருவோம். "நான் நாத்திகன், என் மனைவி விரதமிருப்பாள், அதில் தலையிட மாட்டேன், அது அவள் சுதந்திரம்" என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. விரதமிருக்கும் சுதந்திரம் உள்ளவளுக்கு அன்று அடுப்பைப் பற்றவைக்காமலிருக்கும் சுதந்திரம் உண்டா? அவர் கைவிட்ட கடவுளுக்கும் குலதெய்வத்துக்கும் திதிக்கும் உரிய உறவுகளைக் கட்டிக்காக்கும் வேலை அவள் தலையில்தான் விழுகிறது. அவருடைய நாத்திகம் அவளுடைய பக்தியின் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் போகிறது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கை இதற்கு மாற்றாக நிற்கிறது. கடவுளின் பெயரால் பெண்ணைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர் அவர். அதை எதிர்த்து மேடை ஏறினார், 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதினார். 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிறகு 1949இல், தான் பல்லாண்டு பின்பற்றிய தலைவரின் திருமணத்தை ஏற்காமல், பெரியாரையே விட்டு விலகினார். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். சாமியிடமிருந்து பெற்ற விடுதலையைத் தலைவரிடமும் செலவழிக்கத் தெரிந்திருந்தது அவருக்கு. இரண்டு இடத்திலும் 'முடியாது' என்ற சொல்லைத் தன் பெயரில் சொன்னார். தன்வசம் இருப்பது என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

ஆகவே நாத்திகம் பெண்ணுக்கு விடுதலை உணர்வைத் தருமா என்ற கேள்விக்கு என் பதில் இது: நாத்திகம் தருவது விடுதலையை அல்ல, அது சாக்கைப் பறிக்கிறது. சாமி குற்றம், ராகு கேது, போன பிறவிப் பாவம் என்று ஊர் சொல்லும் சாக்கைப் பறிக்கிறது. அது பெரிய லாபம். ஆனால் அம்மன் கூப்பிட்டாள், சாமி சொல்லிச்சு என்று அவள் வைத்திருந்த சாக்கையும் அதே கையோடு பறித்துவிடுகிறது. சாக்கு இல்லாதவள் தன் பெயரில் பேசியாக வேண்டும். பேசிவிட்டுப் போய் நிற்க ஓர் இடம், கையில் கூலி, பத்திரத்தில் பெயர், பேருந்தில் ஏற யாரிடமும் காசு கேட்காத நிலை அவளுக்கு வேண்டும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட் எடுக்காமல் போகிறார்கள். அதை இலவசம் என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு சாக்கின் விலை தெரியாது.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதத்தை விடுதி அறையில் விடிய விடிய நடத்துங்கள், நல்லது. கூடவே, இரண்டு தரப்பாரும் ஒரு தாள் எடுத்து, உங்கள் வீட்டில் சாமி வந்தால்தான் சொல்ல முடியும் என்று உங்கள் அம்மா அடக்கி வைத்திருக்கும் வாக்கியங்கள் எவை என்று எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியங்களை அவர் சாமி வராத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில், தன் குரலில் சொல்லிவிட்டு, அன்று இரவும் அதே வீட்டில் பயமில்லாமல் சாப்பிட்டுப் படுக்க முடிய வேண்டும். அதற்கு என்னென்ன தேவையோ, அதுவே நம் அரசியல்.